ஐந்து போர்டுகளும் அரை மணி மின்வெட்டும்

சென்ற வாரம் இளம் பொறியாளர்கள் நீங்கள் எனக்கு அனுப்பிய மென்பொருள் பிழைப் பட்டியலில் பதினொன்றாவது வரி இப்படி இருந்தது: "ரீபூட் செய்ததும் சரியாகிவிட்டது. மூடப்பட்டது." அதைப் படித்ததும் தாளைக் கீழே வைத்துவிட்டு எழுந்து கூடத்தில் நாலு நடை நடந்தேன். ஓய்வு பெற்ற ஆளுக்கு ஒரு மரியாதைக்காக அனுப்பியிருப்பீர்கள். பாராட்டாக இரண்டு வரி எழுதி அனுப்புவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். என்னால் முடியவில்லை. எது சரியாகிவிட்டது? சரிசெய்தது யார்? பிழை எங்கே இருந்தது என்று தெரியாமல் அது போய்விட்டது என்று மட்டும் எப்படித் தெரிந்தது?

உங்களைக் கடிந்துகொள்ள எனக்கு உரிமை உண்டா என்று யோசித்தேன். உண்டு. அதைவிட மோசமான ஒரு வரியை நானே எழுதி, கையெழுத்துப் போட்டு, எல்லார் முன்னிலையிலும் வாசித்திருக்கிறேன். அதனால் ஒரு பெண்ணின் வேலை போனது.

இது இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில கோடைகளில் ஒன்று. என் நாட்குறிப்பில் தேதி இருக்கிறது. இங்கே சொல்லவில்லை, சம்பந்தப்பட்டவர்கள் இதே ஊரில் நடமாடுகிறார்கள். கிழமையும் மணியும் மட்டும் சொல்கிறேன். அவை போதும். இந்தக் கதையில் எல்லாமே மணியில்தான் இருந்தது, நான்தான் பார்க்கவில்லை.

எங்கள் அலுவலகம் கழக்கூட்டத்தில் இருந்தது. மென்பொருள் கம்பெனிகளின் பெரிய வளாகத்துக்குள் இல்லை; அங்கே இடம் கிடைக்காமல் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு டயர் கடையின் மாடியில் இருந்தோம். வளாகத்துக்குள் இருந்தவர்களுக்கு மின்வெட்டு என்றால் என்னவென்றே தெரியாது. எங்களுக்குக் கோடை முழுக்க தினமும் மாலையில் அரை மணி. கம்ப்யூட்டர்களுக்கு மட்டும் யுபிஎஸ் உண்டு.

நாங்கள் செய்துகொண்டிருந்தது தேயிலைத் தொழிற்சாலைக்கான ஒரு பெட்டி. உலர்த்தும் இயந்திரத்தின் சூட்டை நாள் முழுக்க அளந்து பதிவு செய்ய வேண்டும். உள்ளே ஒரு சர்க்யூட் போர்டு, அதில் எல்லாவற்றையும் இயக்கும் அடிநிரலான எங்கள் கெர்னல். பொன்முடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஒரு பெட்டியைச் சோதனைக்காக வைத்திருந்தோம். அலுவலக மேஜையில் மேலும் பன்னிரண்டு போர்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றை யுபிஎஸ்ஸில் கொடுக்கவில்லை. மலையில் போய் வாழ வேண்டியவை, கரண்ட் போவதையும் வருவதையும் இங்கேயே பழகட்டும் என்று நான்தான் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன புத்திசாலித்தனமான வாக்கியங்களில் அது ஒன்று. அதன் அர்த்தம் எனக்கே புரிய இரண்டு வாரம் ஆயிற்று.

கெர்னல் எழும்பும் முதல் கணத்தில் நினைவகத்தை எப்படிப் பங்கிடுகிறது என்பதை நீங்கள் பாடமாகப் படித்திருப்பீர்கள். இருந்தாலும் நான் புரிந்துகொண்ட விதத்தில் சொல்கிறேன். கல்யாண மண்டபத்தில் அறை ஒதுக்கும் மேனேஜர் காலை ஆறு மணிக்குத்தான் வருவார். நாலு மணிக்கே வேனில் வந்து இறங்குகிறவர்களுக்கு வாட்ச்மேன் கொத்துச் சாவியிலிருந்து அறை திறந்துவிடுவார். எந்த அறையில் யார் என்ற பதிவேட்டை வைப்பதற்கே ஓர் அறை வேண்டும். அதையும் வாட்ச்மேன்தான் கொடுக்க வேண்டும். ஆறு மணிக்கு மேனேஜர் வந்து அந்தப் பதிவேட்டைத் திறந்து பார்த்து மண்டபத்தைப் பொறுப்பேற்றுக்கொள்வார். எங்கள் போர்டில் அந்த வாட்ச்மேன், நானே எழுதிய சின்ன நிரல். முழுசாக ஒரு பக்கம்கூட வராது. அதன்மேல் எனக்கு ரொம்பப் பெருமை.

அந்தக் கட்டத்தில் திரை எழும்பியிருக்காது, எழுத்து எதுவும் வராது. போர்டில் ஒரே ஒரு பச்சை விளக்கு இருந்தது. மேனேஜர் வந்து பொறுப்பேற்றதும் அது எரியும். எரியாவிட்டால் உள்ளே எங்கேயோ நின்றுவிட்டது என்று அர்த்தம். எங்கே என்று அது சொல்லாது.

பன்னிரண்டில் ஏழு போர்டுகளில் பழைய கம்பெனியின் நினைவகச் சில்லு. அவர்கள் சரக்கு அனுப்பத் தாமதித்ததால் மீதி ஐந்தில் வேறொரு கம்பெனியின் சில்லு. அதைத் தேர்ந்தெடுத்து, சோதித்து, கையெழுத்துப் போட்டது பியூலா. போர்டு வடிவமைக்க எங்களிடம் இருந்த ஒரே ஆள். பாறசாலையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். வேலைக்குச் சேர்ந்து பயிற்சிக் காலம் முடிய இரண்டு வாரம் பாக்கி. முடிந்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் கிளம்ப வேண்டும்.

பியூலாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. காலையில் வந்ததும் பன்னிரண்டு போர்டிலும் தன் நினைவகச் சோதனையை ஓட்டுவாள். ஒவ்வொரு இடத்திலும் ஒரு எண்ணை எழுதி, திரும்பப் படித்து, கடைசியில் எல்லாவற்றையும் சுழியமாக்கிவிட்டு நிற்கும் சோதனை. தேறிய பிறகுதான் போர்டை எங்கள் கையில் கொடுப்பாள். அதற்கு முன்னால் தொட்டால், "சாரே, அது இன்னும் குளிச்சு முடியல்ல" என்பாள்.

ஒரு திங்கட்கிழமை மாலை ஏழே முக்கால் மணிக்கு, புதுச் சில்லு போட்ட ஐந்து போர்டுகளில் மூன்றில் பச்சை விளக்கு இல்லை. ரீசெட் அழுத்தினேன். இல்லை. மறுபடியும் அழுத்தினேன். இல்லை. செவ்வாய் காலை பியூலா தன் சோதனையை ஓட்டினாள். ஐந்தும் தேறின. கெர்னலை எழுப்பினோம். ஐந்திலும் பச்சை விளக்கு. பகல் முழுக்க எத்தனை தடவை ரீசெட் செய்தாலும் ஒழுங்காக எழுந்தன. சாயங்காலம் நாலு செத்துக் கிடந்தன. புதன்கிழமை ஐந்தும்.

பழைய சில்லு போட்ட ஏழும் ஒரு தடவைகூட முரண்டு பண்ணவில்லை.

இந்த இடத்தில் நிறுத்தி உங்களைக் கேட்கிறேன், என்ன முடிவுக்கு வருவீர்கள்? நானும் அதற்குத்தான் வந்தேன். புதுச் சில்லு மட்டமானது. பகல் முழுக்கச் சூடாகி மாலையில் படுத்துவிடுகிறது. ராத்திரி ஆறி, காலையில் நல்ல பிள்ளையாக எழுகிறது. மேஜைமேல் ஒரு டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து வைத்தேன். மாலையில் ஃபேனும் நின்றது, போர்டும் நின்றது. கரண்ட் வந்ததும் ஃபேன் மட்டும் சுற்றியது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. எல்லாரும் கீழே சாயாக்கடைக்குப் போகும் அந்த அரை மணி, வெயில் மழை மாதிரி தினசரி சமாசாரம். அதை யார் எழுதி வைப்பார்கள்? விளக்கு அணைந்ததை நிமிஷக் கணக்கில் குறித்த நான், மின்வெட்டு எப்போது வந்தது என்று ஒரு நாளும் குறிக்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு செத்த போர்டை எடுத்துவைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்தேன். பச்சை விளக்கை நிரலின் நடுநடுவே சிமிட்ட வைத்து, எந்த வரி வரைக்கும் வருகிறது என்று பார்த்தேன். பதிவேட்டைத் திறக்கும் இடத்தில் நின்றது. கேபிள் மாட்டி அந்த இடத்து நினைவகத்தை வெளியே எடுத்துப் பார்த்தேன். பதிவேட்டில் குப்பையாக எண்கள். ஆளே இல்லாத அறைக்கு ஆள், மண்டபத்திலேயே இல்லாத அறைக்குச் சாவி. எதுவும் நான் எழுதிய எண் இல்லை. உடனே தீர்மானித்துவிட்டேன்: நான் எழுதாத எண் அங்கே இருக்கிறது, ஆகவே சில்லு தானாக மாற்றுகிறது. அன்று மாலை நாட்குறிப்பில் "கண்டுபிடித்தாயிற்று" என்று எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறேன். அந்தக் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

புதன்கிழமை மத்தியானம் பியூலா என் மேஜைக்கு வந்தாள்.

"சாரே, சூடுன்னு சொல்லுதிய. சூட்டுல சாகிறதா இருந்தா மத்தியானம் ரெண்டு மணிக்கு சாகணும். இது கரண்ட் கட்டுல அரை மணிக்கூர் ஆறிட்டு, பிறவாக்கும் எழும்ப மாட்டேங்குது."

"கரண்ட் போய் வருவதும் ரீசெட்டும் ஒன்றுதானே? பகல்ல இருபது ரீசெட் பண்ணியாச்சு."

"ஒண்ணில்ல சார். நீங்க சுவிட்ச அணைச்சாலும் உடனே போட்டுருதிய. ஒரு தடவ அணைச்சுப் போட்டு, அரை மணிக்கூர் வெறுதே இரிங்க. என் டெஸ்ட்ட ஓட்டாம ஆன் பண்ணிப் பாருங்க. எனக்கு என்னமோ, என் டெஸ்ட்தான் இத எழுப்பி விடுதுன்னு தோணுது."

"சோதனை பண்ற நிரல் எப்படிம்மா போர்டைக் குணப்படுத்தும்? அது டாக்டரா?"

பக்கத்து மேஜையில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நாளைக்கு அறிக்கை வாசிக்க வேண்டும், அரை மணி சும்மா உட்கார எனக்கு நேரமில்லை என்றேன். அவள் போன பிறகு, எதையும் விடாமல் எழுதுகிறவன் என்பதால், இதையும் எழுதினேன்: "பி. சொன்னது: அரை மணி அணைத்து வைத்து, சோதனை இல்லாமல் எழுப்ப வேண்டுமாம். பொருத்தமில்லை."

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம். பெரிய பிழை எதுவானாலும், அதைக் கண்டுபிடித்தவர் மாலை ஆறரை மணிக்கு எல்லார் முன்னிலையிலும் நின்று அறிக்கையை வாசிக்க வேண்டும். கடைசி வரி "பொறுப்பு" என்று தொடங்கும். அங்கே ஒரு பெயர் வர வேண்டும். வியாழக்கிழமை நான் வாசித்தேன். நல்ல குரலில், நிறுத்தி, அட்டவணையோடு. கடைசி வரி: "பொறுப்பு: சில்லுத் தேர்வு, பியூலா." அவள் எழுந்து நின்று, "சார், அரை மணிக்கூர்..." என்று தொடங்கினாள். மேனேஜர் கையை உயர்த்தினார். மேனேஜர் என்றால் எங்கள் அலுவலகத் தலைவர். மலையாளி. கெட்டவர் இல்லை, அவசரக்காரர். "மதி, மதி. சார் நோக்கிட்டுதானே எழுதியது?" என்றார். போதும், பார்த்துவிட்டுத்தானே எழுதியிருக்கிறார் என்று அர்த்தம். என் அட்டவணையில் அவ்வளவு நம்பிக்கை.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அவளிடம் ஒரு கடிதம் கொடுத்தார்கள். பயிற்சிக் காலத்துக்குப் பிறகு தொடர வேண்டியதில்லை, திங்கள் முதல் வர வேண்டாம். அவள் தன் சால்டரிங் அயனைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு போனாள். என்னைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன், ஆனால் எழுந்திருக்கவில்லை.

சனிக்கிழமை பதினோரு மணிக்குத் தொலைபேசி. பொன்முடித் தொழிற்சாலையின் கணக்குப்பிள்ளை.

"சார், உங்க பெட்டி கண்ணே தெறக்கல."

"எப்போதிலிருந்து?"

"நேத்து ராத்திரி பூரா கரண்ட் இல்ல. காலையில வந்திருச்சு. டிரையர் ஓடுது, கொழுந்து உள்ள போவுது, உங்க பெட்டி மட்டும் அப்பிடியே கெடக்கு."

"ரீசெட் அழுத்தினீர்களா?"

"பொத்தான் தேயிற வரைக்கும் அழுத்தியாச்சு சார். ஆளு எப்ப வரும்? இங்க பஸ்ஸு வர்றதே அபூர்வம், சொல்லிட்டீங்கன்னா வளைவுல ஆள நிப்பாட்டி வைப்பேன்."

போனை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். மலையில் இருந்த பெட்டியில் புதுச் சில்லு கிடையாது. அது பழைய கம்பெனிச் சில்லு. பியூலா வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் செய்தது.

இரண்டு மணி பத்துக்கு ஐந்து போர்டுகளையும் அணைத்தேன். கைகளைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு அரை மணி உட்கார்ந்தேன். இல்லாவிட்டால் எதையாவது தொட்டுவிடுவேன் என்று தெரியும். இரண்டு நாற்பதுக்கு, சோதனை ஓட்டாமல் சுவிட்சைப் போட்டேன். ஐந்தும் எழவில்லை. இரண்டில் மட்டும் பியூலாவின் சோதனையை ஓட்டி எழுப்பினேன். இரண்டிலும் பச்சை விளக்கு. மற்ற மூன்றும் இருட்டு.

அவளுடைய சோதனை கடைசியில் எல்லாவற்றையும் சுழியமாக்குகிறது. எல்லா அறையையும் பெருக்கிவிட்டுப் போகிறது. அதன் பிறகு எழும் கெர்னலுக்குப் பெருக்கிய அறை கிடைக்கிறது. ரீசெட் செய்தால் நினைவகம் அழிவதில்லை. காலையில் சரியாக எழுதிய பதிவேடு அப்படியே கிடக்கிறது, அதையே மறுபடி பார்த்துச் சமாளித்துக்கொள்கிறது. அரை மணி கரண்ட் இல்லாமல் கிடந்தால்தான் உண்மையான குப்பை சேர்கிறது. பழைய சில்லு அரை மணிக்குப் பிறகும் பெரும்பாலும் சுழியமாகவே விழிக்கிற ரகம். மலைக் குளிரில் ஒரு ராத்திரி முழுக்கக் கிடந்ததும் அதுவும் குப்பையோடு விழித்துவிட்டது.

அப்படியானால் பதிவேட்டு அறையை யார் பெருக்கியிருக்க வேண்டும்? நிரலைத் திறந்தேன். வாட்ச்மேன் அறை கொடுக்கும் இடத்தில், என் பெயரின் முதலெழுத்தும் தேதியும் போட்டு, நானே எழுதிய குறிப்பு: "துடைத்துக் கொடுப்பதில்லை. துடைத்துக்கொள்வது வாங்குபவர் பொறுப்பு." மூன்று மாதம் கழித்து, அதே வாட்ச்மேனிடம் பதிவேட்டுக்கு அறை வாங்கும் நிரலையும் எழுதியது நான். துடைக்கவில்லை. கொடுத்தவனே துடைத்திருப்பான் என்று வாங்கியவன் நினைத்தான். கொடுத்தவனும் நான், வாங்கியவனும் நான். நான் எழுதாத எண் அங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தேனே, அது அப்பழுக்கில்லாத உண்மை. நான் அங்கே எதையுமே எழுதவில்லை.

துடைக்கும் ஒரு வரி சேர்த்தேன். பன்னிரண்டு போர்டிலும் ஏற்றினேன். மலைக்கும் ஆள் அனுப்பச் சொன்னேன். வீட்டுக்குப் போய் நாட்குறிப்பை எழுதலாம் என்று திறந்தபோதுதான் புதன்கிழமையின் அந்தக் குறிப்பு கண்ணில் பட்டது. "பொருத்தமில்லை." என் கையெழுத்து வழக்கம்போல் அழகாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சட்டையை மாட்டும்போது என் மனைவி கேட்டாள்.

"லீவு நாளும் அதுவுமா எங்க கிளம்பியாறது?"

"பாறசாலைக்கு. ஒரு பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

விஷயத்தைச் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "தப்பா வாசிச்சது எங்க?"

"ஆபீஸ்ல. எல்லார் முன்னாலயும்."

"அப்போ அங்க இல்லியோ கேக்கணும்? பாறசாலைல, அவா ஆத்துல போய் ரகசியமாக் கேட்டா யாருக்குப் பிரயோஜனம்?"

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். தம்பானூரில் பஸ் ஏறி நெய்யாற்றின்கரை தாண்டும் வரைக்கும் அவள் சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் ஓரம் கிடைத்தும் வெளியே ஒன்றும் பார்க்கவில்லை.

பியூலாவின் வீட்டு முற்றத்தில் ஒரு மேஜை. அதன்மேல் சர்ச்சின் மைக் செட்டைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாழைத்தோட்டத்திலிருந்து வந்த அவள் அப்பா என்னைப் பார்த்து, மரியாதைக்காக, மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்து விட்டுக்கொண்டார்.

"மக்ளே, ஒனக்க ஆபீஸ் சார். இரிங்க சார், சாயா குடிக்கலாம்."

நான் நின்றுகொண்டே சொல்லி முடித்தேன். அவள் ஒரு கம்பியைப் பற்றவைத்து, ஊதி, கீழே வைத்தாள்.

"இத புதன்கிழமை நான் சொல்லல்லியா சார்?"

"சொன்னாய்."

"சார் எழுதியும் வச்சிருப்பிய."

"வைத்தேன்."

"என்ன எழுதினிய?"

நாட்குறிப்பு பையில்தான் இருந்தது. வாசித்துக் காட்டினேன். அவள் அப்பாதான் கேட்டார்: "பொருத்தமில்லன்னா என்னவாக்கும்? எம் பிள்ளைக்கு மாப்பிள்ளையா பாத்திய?"

"சும்மா இரிங்கப்பா." அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "சார், எனக்கு மாப்பு ஒண்ணும் வேண்டாம். வியாழக்கிழமை நின்ன எடத்துல நின்னு வாசிக்கணும். அதே ஒச்சத்துல, அதே சத்தமா. எம் பேர் போட்ட வரி உண்டில்லியா, அதையும் ஒரு தடவ வாசிச்சு, பிறவு மாத்தி வாசிக்கணும். நான் அங்க நிப்பேன்."

"உன்னை உள்ளே விடுவார்களா?"

"அத நீங்க பாத்துக்கிடணும்."

திங்கட்கிழமை மூன்று மணிக்கு மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னார்.

"சாரே, ஒரு வரிப் பிழை. சரியாக்கியாச்சல்லோ? எல்லாருக்கும் சந்தோஷம். இனி வாசிப்பு எதுக்கு? மலையில உள்ளவங்ககிட்ட சில்லு பிரச்சினைன்னு நான் சொல்லியாச்சு. இப்ப மாத்திச் சொன்னா நம்மளோட விலையும் மதிப்பும் போகும். சாரோட விலையும் போகும்."

"பியூலா?"

"சின்னப் பெண்ணல்லே, வேற ஜோலி கிட்டும். சாருக்கு இந்த வயசுல கிட்டுமா?"

மிரட்டலாகச் சொல்லவில்லை. அக்கறையாகத்தான் சொன்னார். அதுதான் சங்கடம். நீங்கள் இதைப் படிக்கும்போது நான் உடனே மறுத்துவிட்டேன் என்று நினைக்கக்கூடாது. என் இடத்துக்கு வந்து மூன்று பத்திலிருந்து மூன்று முப்பத்தைந்து வரை அவர் சொன்னதை யோசித்துக்கொண்டிருந்தேன். நாட்குறிப்பில் அந்த இருபத்தைந்து நிமிஷம் வெறும் கோடாக இருக்கிறது. அந்த நேரத்தில் மேஜையில் பன்னிரண்டு பச்சை விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. எல்லாம் சரியாகிவிட்டது, மூடிவிடலாம். உங்கள் பதினொன்றாவது வரியை நான் அன்றைக்கே மனசுக்குள் எழுதிப் பார்த்தேன்.

பிறகு பேனாவை எடுத்துப் புது அறிக்கையை எழுதி முடித்து, வாசிப்புக்கான மணியை நானே அடித்தேன். அப்போது நேரம் ஆறரை.

பியூலா மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வந்தாள். "இவரெ யாரு வரச் சொன்னது?" என்று மேனேஜர் கேட்டார். நான்தான் என்றேன். எல்லாரும் இருந்ததால் அவர் உட்கார்ந்துகொண்டார்.

நிதானமாக வாசித்தேன். வாட்ச்மேன், பெருக்காத அறை, என் குறிப்பு, சனிக்கிழமைச் சோதனை, எல்லாம். புதன்கிழமை பியூலா சொன்னதை அவள் வார்த்தைகளிலேயே வாசித்தேன். அதற்குக் கீழே நான் எழுதியதையும் வாசித்தேன். பக்கத்து மேஜையில் இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. பிறகு வியாழக்கிழமை அறிக்கையின் கடைசி வரிக்கு வந்தேன். "பொறுப்பு: சில்லுத் தேர்வு, பியூலா. இந்த வரி தவறு." மூச்சு வாங்கி அடுத்த வரியைத் தொடங்கும்போது கரண்ட் போனது.

மணி ஏழு. ட்யூப்லைட் அணைந்தது, மேஜையில் பன்னிரண்டு விளக்குகளும் அணைந்தன. யுபிஎஸ்ஸில் ஓடிய கம்ப்யூட்டர் திரைகளின் வெளிச்சம் மட்டும் இருந்தது. ஒரு திரைப்பக்கம் தாளைச் சாய்த்து வாசித்தேன்: "பொறுப்பு: நினைவகப் பங்கீட்டு நிரலைக் கொடுத்தவரும் வாங்கியவரும் ஆகிய நான்." என் முழுப்பெயரையும் வாசித்தேன்.

வழக்கமாக அந்த அரை மணிக்கு எல்லாரும் சாயாக்கடைக்குப் போய்விடுவார்கள். அன்று யாரும் எழுந்திருக்கவில்லை. இருட்டில் மேனேஜர் நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"ஒரு டெஸ்ட்டும் ஓட்டாதெ எழும்புமா சாரே?"

"எழும்ப வேண்டும்."

"வேண்டும்னா?"

"அரை மணிக்கூர் இரிங்க சார்," என்றாள் பியூலா. அவரிடம் அவள் அவ்வளவு உறுதியாகப் பேசி அன்றுதான் கேட்டேன். "இரிக்கத்தான் யாருக்கும் நேரமில்லாம இருந்தது."

கீழே நெடுஞ்சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. நான் கடிகாரத்தைத் திரைக்கருகே கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் நிரலில் இன்னொரு பெருக்காத அறை இருந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன். அப்படி ஆனால் இவ்வளவு வாசித்தும் அவள் வேலை திரும்பாது. சில்லுதான் காரணம் என்று மறுபடி சொல்லிவிடுவார்கள், என் வாசிப்பு ஒரு கிழவனின் உளறலாக முடிந்துவிடும்.

ட்யூப்லைட் சிமிட்டி எரிந்தது. ஃபேன் சுற்றத் தொடங்கியது. போர்டுகளில் ஒன்றும் இல்லை. எழும்பப் பத்து நொடி ஆகும். எனக்குத் தெரியும், இருந்தாலும் அந்தப் பத்து நொடி நீண்டது. முதலில் ஓரத்தில் ஒன்று. பிறகு இரண்டு. பழைய சில்லு ஏழும் எரிந்தன. புதியவற்றில் நாலு. கடைசி ஒன்று மட்டும் இருட்டு. நான் ரீசெட் பொத்தானை நோக்கிக் கையை நீட்டினேன்.

"தொடாதிய சார்," என்றாள்.

கையை எடுத்தேன். அது தன் நேரத்தில் எரிந்தது.

மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "வெள்ளிக்கிழமைக் கடிதம் ஒரு டைப்பிங் பிழையின்னு வச்சுக்கலாம்," என்றார்.

"பிழை டைப்பிங்குல இல்ல சார். புதுக் கடிதம் தாங்க. கையொப்பு போட்டு." அவள் பையிலிருந்து சால்டரிங் அயனை எடுத்துத் தன் மேஜையில் வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, திறந்து கிடந்த நாட்குறிப்பைப் பார்த்தாள். நான் ஏற்கெனவே பேனாவை எடுத்து, பன்னிரண்டு விளக்கும் எரிந்த நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தேன்.

"கரண்ட் போன நேரம், வந்த நேரம்? அதையும் எழுதுங்க சார்."

எழுதினேன்.